ஒரு வாளி

ஏரி என்று பலகை இருக்கிறது.
பலகைக்குப் பின்னால் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.
ஹெசரகட்டா சாலையில் ஏப்ரல் இருபத்து மூன்று,
மண் செம்பருந்தின் முதுகு நிறம்.

கெம்பராஜு போனை எடுக்கவில்லை.
நேற்று எடுத்தான்: "நாளைக்கு அக்கா, கண்டிப்பா."
எங்கள் வீதியில் ஒன்பது வீடு,
ஒன்பதுக்கும் அவன் கொடுத்தது
ஒரே நாளை.

ஆயிரத்து நூறு அடி இறங்கிய போர்
காற்றை மட்டும் ஏற்றுகிறது.
மோட்டாரை நிறுத்தினேன்.
அப்போதுதான் காதில் விழுந்தது
தைலமரங்கள் எவ்வளவு பேசும் என்று.

வேலிக்கு அப்பால் நாற்பது மரம்,
கடல் தாண்டி வந்த வம்சம்.
இலையை வெயிலுக்கு விரிப்பதில்லை. தொங்கவிட்டு
விளிம்பை மட்டும் காட்டும்,
கடன்காரனுக்குக் கதவிடுக்கில் முகம் காட்டுவது மாதிரி.
கீழே நின்றால் நிழல் கோடு கோடாக விழும்,
ஓர் ஆளுக்குப் போதாது.
நிலத்தடி நீரையெல்லாம் இதுதான் குடித்ததென்று
பஞ்சாயத்தில் திட்டுகிறார்கள்.
குடித்திருக்கலாம்.
எங்கள் போரும்தான் குடித்தது,
அதைத் திட்ட யாரும் வரவில்லை.

தணிகைவேல்
சதுர அடிக் கணக்கில் வாங்கி விரித்த கொரியன் புல்
பிப்ரவரியில் மஞ்சள், மார்ச்சில் தேங்காய் நார்.
பாய் மாதிரி சுருட்டி மூலையில் வைத்திருக்கிறார்.
மழை வந்தால் உயிர் வருமாம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

யாரும் நடாதவை இருக்கின்றன.
செப்டிக் டேங்க் மூடியின் விரிசலில் நித்தியகல்யாணி,
ஐந்து இதழ், துளி வெட்கமில்லை.
மிச்ச ஜல்லிக் குவியலில் எருக்கு:
சாம்பல் பூசிய இலை, கிள்ளினால் பால்.
சொட்டுத் தண்ணீர் காணாத இடத்தில்
பால் எங்கிருந்து என்று
வாய்விட்டே கேட்டேன்.
காம்பவுண்டு மேல் போகன்வில்லா
குழாயை நிறுத்திய பிறகுதான்
இலையே தெரியாமல் பூத்தது.
இதை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

அரிசி களைந்தது,
பாத்திரம் அலசியதில் இரண்டாவது நீர்,
ஏசி குழாய் சொட்டியது,
சாயங்காலம் வரை சேர்த்து ஒரு வாளி.
முழுசாகக்கூட இல்லை.
கறிவேப்பிலைக்குப் பாதி.
மீதி, போன ஆடியில் நட்ட சில்வர் ஓக் கன்றுக்கு.
அதன் சொந்த ஊரிலும் வெயில்தானாம்.
இருந்தாலும் கன்று கன்றுதானே.
எருக்கிடம் வாளியைக் கவிழ்த்துக் காட்டினேன்.
கோபித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

ராத்திரி ஒன்பதுக்கு
வளைவில் லாரி வெளிச்சம் திரும்பிற்று.
ஒன்பது வீட்டுக் கதவும் திறந்தது.
கெம்பராஜு இல்லை. செங்கல் லாரி.
போகிற போக்கில் தைலமரக் கிளையில் உரசி
கொத்தாக இலை உதிர்த்து, அதன் மேலேயே ஏறிப் போயிற்று.
வீதி முழுக்க
சளிக்கு ஆவி பிடிக்கிற வாசம்.
எதிர்வீட்டு சௌபாக்யா
காலிக் குடத்தை இடுப்பில் இறக்காமலே
ஒரு மூச்சு ஆழமாக இழுத்தாள்.

நானும் இழுத்தேன்.