எழுநூறு மில்லி

மச்சினி மகள் கல்யாணத்தில்
தேங்காய்ப் பைக்குப் பதில் இதைக் கொடுத்தார்கள்.
உள்ளங்கையில் அடங்கும் பீங்கான் குவளை,
அதற்குள் பச்சை மெழுகில் செய்த ரோஜாபோல்
ஒரு செடி.
குவளை வயிற்றில் டெய்சி, பிரவீன்,
நடுவே அச்சு கலைந்த இதயம்.

"பிளாஸ்டிக்கா இன்னா?" என்று பிலோமினா
நகத்தால் ஓர் இலையைக் கிள்ளினாள்.
தண்ணீர் வந்தது.
தழும்பு இன்னும் இருக்கிறது.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் இரண்டாம் மாடி.
ஜன்னலுக்கு எதிரே அடுத்த பிளாக்கின் முதுகு.
பத்தே முக்காலுக்கு வெயில்
இரண்டு சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து
காலி சிலிண்டர்மேல் இருபது நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகும்.
ஆகவே செடியும் சிலிண்டர்மேல்.

பதினோரு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டினேன்.
ஒன்பதாயிரம் லிட்டர் முதுகில் தளும்ப
கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர்.
ஹாரன் அடித்தால் குடங்கள் ஓடிவரும்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் ஸ்டான்லி.
நாலு மணி நேரம் என் ரத்தம்
வெளியே சுற்றிவிட்டு வீடு திரும்பும்.
நர்ஸ் கனகவல்லி என் கணுக்காலைக்
கட்டைவிரலால் அழுத்தி
குழி எவ்வளவு நேரம் நிற்கிறதென்று பார்ப்பாள்.
"ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிண்ணே.
டீ, ரசம், மாத்திரைக்கு முழுங்குறது, எல்லாம் சேர்த்து.
ஐஸ் கட்டியும் தண்ணிதான்."

நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்
பிலோமினா செடிக்குத் தினம் ஒரு டம்ளர் ஊற்றினாள்.
அதற்காவது தாராளமாக ஊற்றலாமே என்று.
திரும்பி வந்தபோது
அடி இலைகள் வெந்த வெங்காயம்.
தொட்டேன், கையோடு வந்தன.

மாதவரம் நர்சரிப் பையன் போனில் சொன்னான்:
"கழுத்த வெட்டிடுங்க சார்."
ஷேவிங் பிளேடு.
கறுப்பு, இன்னும் கொஞ்சம் கறுப்பு,
நாலாவது சீவலில் சுத்தமான வெள்ளை வட்டம்.
"இப்ப ஒண்ணும் செய்யாதீங்க.
மண்ணு வேணாம், தண்ணி வேணாம். காயம் காயட்டும்."
பத்து நாள் ஒரு சாஸரில் கிடந்தது தலை.
பிலோமினா அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

ஆறாம் பிளாக்கை இடிக்கிறார்கள்.
அங்கிருந்து செங்கல் பொடி, ஒரு பிடி மணல்.
குவளையின் அடியில் ஓட்டையில்லை;
ஆணி வைத்துத் தட்டியதில்
பிரவீன் பாதியோடு விரிசல் விட்டான்.

வாரத்தில் ஒருநாள் பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுகிறேன்.
கன்டெய்னர் லாரிப் புகை வெள்ளை இலையிலும்
மை வைத்துவிட்டுப் போகிறது.
துணி ஆகாது; இலைமேல் பூத்த பொடி
ஒருதரம் போனால் போனதுதான்.

தண்ணீருக்கு நாள் கணக்கெல்லாம் இல்லை.
அடி இலையைக் கட்டைவிரலால் அழுத்துவேன்.
கெட்டியாக இருந்தால் வேண்டாம்.
ரொம்ப நேரம் துணி துவைத்த விரல்போலச்
சுருங்கியிருந்தால் சிரப் மூடியில் இரண்டு மூடி.
நான் அதற்குக் கனகவல்லி.

அந்த இரண்டு மூடியும் என் கணக்கிலிருந்து.
"கொடத்துல அவ்ளோ தண்ணி கீது,
உன் டம்ளர்லேர்ந்து இன்னாத்துக்குய்யா ஊத்துற?"
தெரியவில்லை.
லாரி ஓட்டினபோது
ஒரு சொட்டும் என்னுடையதாக இருந்ததில்லை.

நேற்று ராத்திரி பதினொன்றரை.
கீழே ஹாரன். பிலோமினா குடங்களோடு இறங்கினாள்.
முக்கில் திரும்பும்போது
செகண்டில் போடவேண்டியதை இந்தப் பையன்
தேர்டில் போட்டு இழுக்கிறான்,
டேங்க் முழுக்க ஆடுகிறது, எனக்குக் கேட்கிறது.

அன்றைய கணக்கில் ஒரு மூடி மிச்சம்.
செல்போன் வெளிச்சத்தில் இலையை அழுத்தினேன்.
கெட்டி.
கணுக்காலை அழுத்தினேன்.
குழி வந்தது, யோசித்தது,
மெல்ல மேலேறியது.

படியில் தண்ணீர் சிந்திச் சிந்தி
அவள் ஏறிவரும் சத்தம்.
மூடியை வாயில் கவிழ்த்துக்கொண்டேன்.
உடனே முழுங்கவில்லை.