குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்

உன்னா நகரம். சனிக்கிழமை, இன்னும் விடியவில்லை.
பெட்ரோல் நிலையத்தின் காற்றுக் குழாயடியில்
முழங்கால் நனையக் குந்தியிருக்கிறேன்.
டிரெய்லருக்குள் மடித்துக் கட்டிய மணவறை:
எட்டுத் தூண், ஒரு கோபுரம், ஒரு பிள்ளையார்,
இரண்டு யானை. ஒன்றின் தந்தம் ஒட்டுப்போட்டது.

போன மாதம் ஸீகன் தாண்டி
இடது டயர் வெடித்தது.
வெடித்தது என்பது மரியாதைக்குச் சொல்வது.
முதலில் உரிந்தது,
பிறகு கொடித்துணி போலப் படபடத்தது,
அதன்பின் எந்தப் பக்கம் போவது என்று
டிரெய்லர் எனக்குச் சொல்லத் தொடங்கியது.
பின்கதவு திறந்து ஒரு யானை புல்லில் இறங்கிவிட்டது.
பிராங்பேர்ட்டில் அந்தப் பிள்ளை
ஒற்றை யானையோடு தாலி வாங்கினாள்.
வலப்பக்கம் திரும்பாதே என்று படக்காரருக்கு
இரண்டு மணிநேரம் கண்ணால் சொன்னேன்.

"தேயவேயில்லையே அது" என்றார் யசோதரன்.
தொழிலில் பாதிப் பங்கு அவருக்கு, நட்டத்திலும்.
உண்மைதான்.
டிரெய்லர் டயர் ஓடித் தேய்ந்து சாவதில்லை,
கிழமையில் ஆறு நாள் நின்று நின்றே சாகிறது.
பக்கச் சுவரில் பித்தவெடிப்பு மாதிரிக் கோடுகள்.
நான்கு இலக்கம் இருக்கும், விரலால் துடைத்தால் தெரியும்.
3413.
பதின்மூன்றாம் ஆண்டின் முப்பத்து நான்காம் வாரம்.
அந்த வாரம் பிறந்த என் மருமகள்
இப்போது எனக்கு எதிர்வாதம் பேசுகிறாள்.

டயர் கடையில் நான் கேட்டது விலை.
ஹென்னிங் கேட்டது எடை.
தெரியாது என்றேன்,
பன்னிரண்டு வருடம் கல்யாணங்களை இழுத்துத் திரிந்தவள்.
பழைய இரும்புக் கடையின் எடைமேடைக்கு அனுப்பினான்.
அச்சின் மேல் மட்டும் ஆயிரத்து இருநூற்று எண்பது.
91 என்று எழுதிய டயர் அறுநூற்றுப் பதினைந்து கிலோ தாங்கும்.
இரண்டால் பெருக்கினேன். மறுபடியும் பெருக்கினேன்.

தெர்மோகோல் தூண்தானே என்றிருந்தேன்.
தூணுக்குப் பின்னால் ஆறு குத்துவிளக்கு,
தண்ணீர்ப் போத்தல் பத்துக் கட்டு,
யசோதரனின் மச்சானுடைய ஸ்பீக்கர் பெட்டிகள்.
"கொஞ்சம்தானே" என்றார்.
ஒவ்வொன்றும் கொஞ்சம்தான்.

பளபளவென்ற கார் டயரை அவர் தடவிக்கொண்டு நிற்க
நான் 96 வாங்கினேன். எழுநூற்றுப் பத்து.
இழுபடுவதற்கென்றே செய்த டயர்,
தோள் தடித்தது, அழகென்று சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது மீட்டரில் 2.6.
காரென்று நினைத்து ஹென்னிங்கின் பையன் அடித்திருக்கிறான்.
இதற்கு வேண்டியது 3.4.
குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.
ஓடிச் சூடேறிவிட்டால்
நிறைந்திருப்பதாகத்தான் சொல்லும்,
சபையில் சுகமா என்று கேட்டால் நாம் சொல்வதைப் போல.

வானின் பின் டயர்களுக்கும் கூட்டினேன்,
கதவு விளிம்பில் ஒட்டிய தாளில்
பாரம் ஏற்றியவர்களின் வரிசையைப் பார்த்து.
இத்தனை வருடமும் மேல் வரிசையையே வாசித்திருக்கிறேன்.

யானைகள் அச்சுக்கு நேர் மேலே.
கொக்கியை அழுத்த முன்பக்கம் பாரம் வேண்டும்.
பிள்ளையாரை வைத்தேன்,
எங்கே போனாலும் முதலிடம் அவருக்குத்தானே.
ஸ்பீக்கர்கள் யசோதரனின் காரில், அவர் மடியில் ஒன்று.

எண்பதில் போனேன். லாரிகளும் முந்தின.
ஸீகனில் தடுப்புக் கம்பியில்
கறுப்பாக ஒரு கீற்றுத் தொங்கியது.
என்னுடையதாக இருக்கலாம்.

ஹைல்பிரோனில் முகூர்த்தம் பிசகவில்லை.
யானைகளின் நடுவே எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை மண்டபத்துக்குப் பின்னால்
பனி படிந்த டிரெய்லரடியில் குந்தினேன்.
புது மாப்பிள்ளை, ஜாக்கெட்டுக்குக் கீழே நேற்றைய வேட்டி,
ஒளித்துச் சிகரெட் பிடிக்க வந்தவர்
என்னைக் கண்டு திடுக்கிட்டார்.
"என்ன அன்ரி பாக்கிறீங்கள்?"
"காத்து."
"இருக்கோ?"
முள் ஒரு கோடு இறங்கியிருந்தது.
"இருக்குது" என்றேன்,
மூடியைத் திருகிக்கொண்டே.