செம்மஞ்சள் இரண்டு

மாங்குளச் சந்தியில்
ஒட்டுசுட்டான் திரும்பும் பக்கம் என் கடை.
பெயர்ப்பலகை இல்லை.
தேய்ந்த சங்கிலிகள் ஒரு கம்பியில் தொங்கும்,
காற்றடித்தால் சத்தம் கேட்கும்.

ஒரு செம்மஞ்சள் ஜெர்மனியில் பிறந்தது,
அதற்கு இடுப்புக்குக் கீழே வெள்ளை.
மற்றது சுவீடன்காரனுடையது.
இரண்டையும் உற்றுப் பார்த்த எவனோ
சீனாவில் மூன்றாவதுக்கு நிறம் பூசி அனுப்ப,
புதுக்குடியிருப்பில் அது பாதி விலை.
பெயரில் ஒரு எழுத்து மட்டும்
பிசகியிருக்கும்.

எதை வாங்கினாலும்
பல் மழுங்கினால் என் மேசைக்குத்தான் வரவேண்டும்.
எலிவால் அரத்துக்குக் கட்சி கிடையாது.

மாசியில் ஒரு சனிக்கிழமை
மர ஆலை முற்றத்தில் இரண்டு பந்தல்.
வவுனியாவிலிருந்து இர்ஷாத்
தொப்பி கொடுத்தார்.
யாழ்ப்பாணத்திலிருந்து பிரணவரூபன்
ரீசேட்டும் ஒரு போத்தல் சங்கிலி எண்ணெயும் கொடுத்தார்.
தொப்பி போட்ட தலைகள்தான்
ரீசேட்டுக்கும் வரிசையில் நின்றன.

இருவருக்கும் மரியசீலன் வேண்டும்.
அவர் கையில் எந்த மெசின் இருக்கிறதோ
அதைத்தான் நெடுங்கேணி வரைக்கும்
அரிகிறவர்கள் வாங்குவார்கள்.
எத்தனை குதிரைவலு, எத்தனை சீசீ, எத்தனை கிலோ
எல்லாம் கேட்டு முடித்து
அவர் ஒன்றே ஒன்று கேட்டார்:
"காட்டுக்குள்ள நிண்டு போனால்
ஆர் வருவினம்?"

"கொழும்பிலிருந்து மூன்று நாளில் பாகம் வரும்"
என்றார் ஒருவர்.
"இரண்டு நாள்" என்றார் மற்றவர்.
மரியசீலன் திரும்பி என்னைப் பார்த்தார்.
நான் அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கனகராயன்குளத்துப் பக்கம்
காற்றில் சாய்ந்த பாலை,
அனுமதி முத்திரை அடித்துக் கிடந்தது.
ஒரே மரம், இரண்டு முனை,
நடுவில் கைபேசியில் நேரம் பிடிக்க ஒரு பெடியன்.

இழுத்தார்கள்.
வெற்றிலை எச்சில் நிறத்தில் தூள் பறந்தது.
ஜெர்மன் முன்னுக்குப் போனது,
பிறகு சுவீடன்,
பிறகு ஜெர்மன் ஒரு விரற்கடை அதிகம்,
அப்போது
தீப்பொறி.
சங்கிலி அறுந்து உறையில் அடித்தது.

பிரணவரூபன் சிரித்தார்.
அந்தச் சிரிப்பு முடியமுன்
அவருடைய முனையிலும் பொறி.

காலையிலிருந்து முகம் பாராத இரண்டு பேரும்
ஒரே வெட்டுக்குள்
தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள்.
நான் குறட்டால் நோண்டி எடுத்தேன்.
அந்தப் பக்கத்தில் ஒன்று, இந்தப் பக்கத்தில் ஒன்று,
புளியங்கொட்டை அளவு
செல் பீஸ்.
மரம் இரண்டையும் மூடி வளர்ந்திருந்தது.

வளையம் எண்ணுவோம் என்றான் பெடியன்.
பாலையில் வளையம் தெளிவாய்த் தெரியாது.
தெரிந்திருந்தாலும்
இங்கே யாரும் எண்ணிப் பார்த்து
ஆண்டு கண்டுபிடிக்கத் தேவையில்லை.

உத்தரவாத அட்டைகள் வெளியே வந்தன.
மூன்று மொழி, பொடி எழுத்து.
கல், மணல், ஆணி, முட்கம்பி,
ஏனைய அந்நியப் பொருட்கள் பட்டால்
பொருந்தாது.

மரியசீலன் பீஸை உள்ளங்கையில் உருட்டினார்.
"இதுவும் உங்கட மெசின் மாதிரி
வெளிநாட்டுச் சாமான்தான்.
இத்தனை வரியம் மரத்துக்குள்ள இருந்தது.
இன்னும் அந்நியமோ?"

இர்ஷாத் பிரணவரூபனைப் பார்த்தார்.
பிரணவரூபன் இர்ஷாத்தைப் பார்த்தார்.
"பொருந்தாது" என்றார்கள்,
அன்றைக்கு முதல்தடவையாக
ஒரே குரலில்.

பின்னேரம் இருவரும் தனித்தனியே வந்தார்கள்:
புனிதாக்கா,
எங்களுடைய பலகையை மாட்டுங்கோ,
மற்றவற்றை மட்டும் மாட்டாதேங்கோ.
பலகை வேண்டாம்,
சங்கிலியைக் கடனுக்குத் தாருங்கோ என்றேன்.
யோசித்துச் சொல்வதாகப் போனார்கள்.
இன்னும் யோசிக்கிறார்கள்.

பீஸ் இரண்டும் பால்மா ரின்னுக்குள் விழுந்தன.
அது முக்கால்வாசி நிறைந்துவிட்டது.
பழைய இரும்புக்காரன் வந்தால்
கிலோக் கணக்கு,
எந்தக் கம்பனி என்று கேட்கமாட்டான்.

மரியசீலன் ஒன்றும் வாங்கவில்லை.
ஒருவர் கொடுத்த தொப்பி,
மற்றவர் கொடுத்த ரீசேட்,
தோளில் நிறம் கழன்ற தன் பழைய மெசின்.
மோட்டார் சைக்கிளை உதைத்தவர்
திரும்பிக் கத்தினார்:
"அக்கா, திங்கள் ரெண்டு சங்கிலி வேணும்.
கரிப்பட்டமுறிப்புப் பக்கம் வேலை.
அங்க மரம் கொஞ்சம்
கடிக்கும்."