இரவு பத்து முதல் நான்கு வரை

பத்தடித்து ஒரு நிமிடம்.
விசிறி மூச்சை அடக்கிக்கொள்கிறது.

திரையின் மூலையில்
அறுபத்தெட்டு, எழுபத்தொன்று, எண்பது.
மென்பொருளைத் திறந்து
வளைகோட்டின் நுனியைப் பிடித்து மேலே இழுக்கிறேன்.
நாலாயிரத்து இருநூறு சுற்று என்று எழுதிக் காட்டுகிறது.
காதை வைத்துக் கேட்டால்
அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிறைகிற சத்தம்தான்.

தொண்ணூற்றாறில் திரை கறுத்துவிடும்.
சேமிக்காத தேயிலைக் கணக்கு,
ஏற்றியனுப்பிய பெட்டிகள், திரும்பி வந்தவை மூன்று,
எல்லாம் போய்
கறுப்புக்குள் என் முகம், மூக்குக்கண்ணாடி, பின்னால் டியூப் லைட்.

வெள்ளவத்தை, கடற்பக்க ஒழுங்கை, மூன்றாம் மாடி.
உப்புக் காற்றுத்தான் என்றார் வீட்டுக்காரர்.
கதவுப் பிணைச்சல் முதல் கரண்ட் பில் வரை
அவருக்கு எல்லாம் உப்புக் காற்றுத்தான்.

பம்பலப்பிட்டியில் ஃபஸ்லான்
இரண்டு தரம் கழற்றிப் பூட்டினான்.
தூசியை ஊதி, காய்ந்த பசையைச் சுரண்டி,
புதுப் பசை தடவி,
ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுக் காட்டினான்.
அங்கே விசிறி
வடிவாய் ஏறுகிறது, வடிவாய் இறங்குகிறது,
கல்விக் கந்தோர்க்காரர் வந்த அன்றைய வகுப்பு மாதிரி.
"ஒண்டுமில்ல மிஸ், நீங்க சும்மா பயப்புடுறீங்க."
மூவாயிரத்து ஐநூறு ரூபாய்.
அவனுடைய கடை ஆறரைக்குப் பூட்டு.
அது எனக்கு உறைக்க ஒன்பது நாள் பிடித்தது.

அதற்கிடையில்
நீக்கினேன், திரும்பப் போட்டேன்,
பழைய பதிப்பு, புதிய பதிப்பு,
நிர்வாகி உரிமையோடு ஒரு தரம், இல்லாமல் ஒரு தரம்.
உறங்கி எழுந்தால் உத்தரவை மறக்கிறது என்று
ஒரு கிழமை அதை உறங்க விடவில்லை.
நானும் உறங்கவில்லை.

நேற்று
உறைந்த மீன் பொதியொன்றைப் பொலித்தீனோடு சுற்றி
லப்டொப்பின் அடியில் வைத்துக்
கிடைத்த ஏழு நிமிட அவகாசத்தில்
நேரம் குறித்த வேலைகளின் பட்டியலுக்குள் இறங்கினேன்.

நான் எழுதாத ஒரு கட்டளை.
தினமும் இரவு பத்துக்கு:
ஆயிரத்து அறுநூறுக்கு மேல் விடாதே.
விடிய நாலுக்கு: விட்டுவிடு.

நான் ஏறு என்கிறேன், அது இறங்கு என்கிறது,
நொடிக்கொரு தரம்.
விசிறி யாருக்குக் கீழ்ப்படியும்,
முதலில் வந்தவருக்கு.

கட்டளையின் பெயர், ஆங்கில எழுத்தில்:
பபா நிதி.

கணக்குக்காரி மூளை.
யாரோ பபா என்பவர் பெயரில் நிதியம்,
இருப்பு எவ்வளவு,
கையெழுத்து யாருடையது என்று ஓடியது.
பிறகுதான்
கீழ்வீட்டு நெரஞ்சலா
கதவை அரைவாசி திறந்து
கூரியர்க்காரனிடம் சிங்களத்தில் கிசுகிசுப்பது ஞாபகம் வந்தது.
பபா நிதி.
பிள்ளை நித்திரை.

மருதானையில் இரண்டாம் கையாய் வாங்கியது இது.
எல்லாம் துடைத்துத் தந்தேன் என்றவன்
ஆளின் பெயரை மட்டும்தான் துடைத்திருக்கிறான்.
கட்டளையின் திகதி
ஆறு வருடம் முந்திய ஒரு ஒக்டோபர்.
அந்தப் பிள்ளைக்கு இப்போது பல் விழும் வயசு.

ஒரே அறையாய் இருந்திருக்கும்.
மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவில்
ஒரு சேலையோ, அதுவும் இல்லையோ.
இது கொதித்தால் கொதிக்கட்டும் என்று
யாரோ இருட்டில் இருந்து
ஒவ்வொரு நூறாய்க் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள்.
ஆயிரத்து எழுநூறில் விழித்திருக்கும்.

அழிக்கவில்லை.
முன்னாலிருந்த சரி அடையாளத்தை மட்டும் எடுத்தேன்.

விசிறி எழுந்தது,
நிற்காத ரயில் ஸ்டேஷனைத் தாண்டுவது போல.
தொண்ணூற்றிரண்டு, எண்பத்தொன்று, அறுபத்தாறு.
அந்தச் சத்தத்துக்கு
சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

கட்டிலில் ரசீதுக் கட்டுகள்.
ஒன்றும் அசையவில்லை.
மீன் உருகத் தொடங்கியிருந்தது.