ஊமை அடி

தேவகோட்டை ரஸ்தாவுக்கு வடக்கே ஒரு ரயில் கேட்.
அதற்கு மூன்று சொற்கள்தான் தெரியும்:
மணியடி, மூடு, திற.
எந்த வரிசையில் சொல்லலாம்,
எந்த வரிசையில் சொன்னால் ஆள் சாவான் என்று
பதினொரு வட்டமும் இருபத்தாறு அம்புமாய்
வரைந்து கொடுத்திருந்தார் சையது இபுராகிம்.

அந்தப் படத்தை ஒரு கருவி வாங்கி மென்று
நாலாயிரத்து எழுநூறு நிலைகளாய்த் துப்பும்.
தின்றதும் துப்பியதும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்
என்று நிரூபிப்பது என் வேலை.

செக்காலைச் சாலையில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் என் அறை.
கீழே நாளெல்லாம் வெளிச்சம் ஊர்கிறது
பட்டா மேல், மார்க்‌ஷீட் மேல், சாதிச் சான்றிதழ் மேல்.
நகலை யாரும் மூலத்தோடு வைத்துப் பார்ப்பதில்லை.
உண்மை நகல் என்று ஒரு முத்திரை,
பச்சை மையில் ஒரு கிறுக்கல்,
அரசாங்கத்துக்கே போதும்.

எனக்குப் போதாது.
படம் ‘மூடு’ என்றால் நிரலும் ‘மூடு’ எனவேண்டும்.
சொன்னபின் இருவரும் போய் நிற்கிற இடங்களும்
பழையபடி ஜோடி சேரவேண்டும்.
பிறகு மாற்றிப் பிடி:
நிரல் முன்னால், படம் பின்னால்.

நிரலுக்குச் சில அடிகளில் சத்தம் வராது.
உள்ளே ஒரு பிட்டை நகர்த்தும்,
கடிகாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு வரும்.
பாடத்தில் இதற்குக் கிரேக்க எழுத்து, டௌ.
என் நோட்டில் ஊமை அடி.
எத்தனை வைத்தாலும் கணக்கில் சேர்க்காதே
என்கிறது விதி.
சேர்க்கவில்லை.

வியாழன் மாலை ஆறு பத்துக்குக்
கடைசி ஜோடியும் பொருந்தியது.
திரையில் ஒரே சொல்: சமம்.
லூர்துவுக்கு அனுப்பினேன், கட்டைவிரல் வந்தது.
கீழே இறங்கி
வாழைக்காய் பஜ்ஜி நாலு தின்றேன், நின்றபடியே.

சனிக்கிழமை லூர்து பேசினான்.
“மணி அடிச்சுதுக்கா. அப்புறம் கையைத் தூக்கினபடி நிக்குது.
தப்பா ஒண்ணும் பண்ணலை.
ஒண்ணுமே பண்ணலை.”
ராமேஸ்வரம் வண்டிக்குக்
கேட்காரன் சேவுகன் பக்கத்தில் இருந்த பழைய கேட்டைக்
கையால் சுற்றி இறக்கியிருக்கிறான்,
சாப்பாட்டுத் தூக்கை அப்படியே வைத்துவிட்டு.
அவன் கையிலிருந்த பதிவேட்டில் இரண்டே கட்டம்:
பழுது, தாமதம்.
எதில் போடட்டும் என்று போனை வாங்கிக் கேட்டான்.
எரிச்சலாய்த்தான் கேட்டான்.
என்னிடம் பதில் இல்லை.

இரவு தேடிப் பிடித்தேன்.
மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு
பத்தொன்பதிடம் கொடுக்கிறது, நீ பார் என்று.
பத்தொன்பது பதினெட்டிடம் திருப்புகிறது, நீயே பார் என்று.
இரண்டும் ஊமை அடி.
இரண்டு நிலைக்கும் வெளியே போக அம்பு உண்டு.
உண்டல்லவா, போதும் என்று
விதி கையெழுத்துப் போட்டிருக்கிறது, பச்சை மையில்.
வழி இருப்பது வேறு, போவது வேறு.

நிரூபணத்தில் பிழையில்லை.
ஒவ்வொரு வரியாய்த் திரும்பப் படித்தேன்,
வெளியே ஒரு கீறல் காணோம்.
ஊமைக்காயம் அப்படித்தான்,
அழுத்தினால்தான் வலிக்கும்.

இப்போது புது நிபந்தனை வைத்திருக்கிறேன்:
வைக்கும் ஒவ்வொரு ஊமை அடிக்கும்
கையிலிருக்கிற எண்ணில் ஒன்று குறையவேண்டும்.
பூச்சியத்துக்கு வந்தபின்
வாயைத் திறந்தே ஆகவேண்டும்.
முதல் ஜோடியிலிருந்து மறுபடி.
மூன்று வாரமாயிற்று, ஒன்பது பாக்கி.
பதினெட்டும் பத்தொன்பதும் அந்த ஒன்பதில்தான்.

படத்தில் எங்காவது
‘இத்தனை நொடிக்குள்’ என்று எழுத மறந்தோமா
என்று இபுராகிம் பாய்க்கு இப்போதுதான் கேட்டேன்.
பார்த்துவிட்டார்.
எழுதுகிறார் என்று காட்டுகிறது.
நிற்கிறது.
எழுதுகிறார்.
நிற்கிறது.
கீழே யாரோ
ரெண்டு பக்கமும் எடு, ரெண்டு பக்கமும் என்று கத்துகிறார்கள்.
எழுதுகிறார்.