அரை அங்குலம்

நாகப்பட்டினம், பழைய சுங்கக் கிடங்கு.
மேல்மாடியில் நாற்பத்தாறு அட்டைப்பெட்டிகள்.
மூடியைத் திறந்தால் அந்துருண்டை வாசமும்
உப்புக்காற்றும் ஒன்றாக எழுகின்றன.

எனக்குத் தந்த படிவத்தில் ஆறு கட்டம்:
எண், துணி, நிறம், நீளம், காலம், குறை.
உடைக்கு நாற்பது ரூபாய்.
திருப்பூரில் ஏழு வருடம் செக்கிங் மேசையில் நின்றவள் நான்.
எந்தத் துணியையும் முதலில் புரட்டித்தான் பார்ப்பேன்.

ரெஜினா அற்புதம்.
கழுத்துப்பட்டியில் சிவப்பு நூலில் பெயர்,
அதன் கீழே 'நாகை'. அவ்வளவுதான்.
மலேயாவுக்குக் கப்பல் ஏறியவர்களுக்கும்
மிராசு வீட்டு மருமகள்களுக்கும்
மாதா கோயில் கல்யாணங்களுக்கும் தைத்தவள்.

கவுனின் கீழ்மடிப்பு கனத்தது.
தடவினேன், விரலடியில் ஏதோ உருண்டது.
வலையில் கட்டும் ஈயக்குண்டு.
சாணுக்கு ஒன்றாக உள்ளே வைத்துத் தைத்திருக்கிறாள்,
கடற்கரைக் காற்று தூக்கிவிடாமல் இருக்க.
தராசில் வைத்தேன். நானூற்றுப் பத்து கிராம் கூடுதல்.
அதை எழுதக் கட்டம் இல்லை.

பத்தொன்பதாம் எண் வரை தோள்கள் வெறுமை.
இருபதிலிருந்து ஒவ்வொன்றிலும்
இடது தோளில் மட்டும் ஒரு கொடி ஓடுகிறது.
பட்டு, ஜார்ஜெட், டெரிலின், எதையும் விடவில்லை.
அவரைக்கொடி மாதிரி, இலை அதிகம், பூ குறைவு.
"அதுதான் அவருடைய முத்திரை,"
என்றார் பொறுப்பாளர் இளம்பரிதி.
சுவர்ப்பலகைக்கு அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாராம்:
சோழநாட்டுப் பசுமை, ஐரோப்பிய வடிவம்.

நான் புரட்டினேன்.
கொடிக்கு அடியில், தோள் தையலுக்குக் கீழே
சரியாக அரை அங்குலத்தில்
நூல் இல்லாத துளைகள், ஒரே வரிசையாக.
மெஷின் ஓட்டியது. பிறகு பிரித்தது.
மேலே கையால் தைத்தது.
எல்லா உடையிலும் அதே அரை அங்குலம்.
இடுப்பு மட்டும் இருபத்தாறு, நாற்பது, முப்பத்திரண்டு.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒருமுறை விக்கி நின்றது.
வெளிச்சத்துக்காகப் பெட்டியை ஜன்னலோரம் இழுத்தபோது
சாக்கு போர்த்திய யாரையோ இடித்துவிட்டு
"மன்னிச்சிருங்க" என்றேன்.

தலை இல்லாத மரப்பொம்மை.
ஒருக்களித்துத் தண்ணீரில் ஊறியிருக்கிறது.
இடப்பக்கம் இடுப்பிலிருந்து கழுத்துவரை சேற்றுநிறம்.
புயலுக்குப் பிறகு தூக்கி நிறுத்தியிருப்பாள்,
தோள் ஒன்று இறங்கிப்போய் நின்றிருக்கும்.
டேப்பை வைத்தேன். வைப்பதற்கு முன்பே தெரியும்.

பட்டணத்தில் புதுப்பொம்மை வாங்கியிருக்கலாம்.
ஏன் வாங்கவில்லை?
கணக்கு நோட்டு ஏதும் இந்தப் பெட்டிகளில் இல்லை.
கோணல் மரத்தில் வெட்டி, கோணலாகவே தைத்து,
வந்தவளை நிறுத்தி, பிரித்து,
அவள் தோளுக்குத் தோளாகத் திருத்தி,
துளை தெரியாமல் இருக்க ஒரு கொடியை ஏற்றி,
இப்படிப் பதினாறு வருடம்.
எங்கள் கம்பெனியில் இதன் பெயர் ஆல்டர்.
சம்பளத்தில் பிடிப்பார்கள்.

நாற்பத்தாறாம் எண். கறுப்பு வெல்வெட்.
கொடி இல்லை, கைத்தையல் இல்லை.
யாரோ கொடுத்துவிட்டு வாங்க வரவில்லை.
அந்த ஒன்றுதான் பொம்மைக்கு மட்டும் பொருந்தும்.

கையுறையோடு எடுத்து, கண்ணாடி பீரோ முன்னால்
என்மேல் போட்டுப் பார்த்தேன். குற்றம்தான்.
ஏழு வருடம் பண்டில் சுமந்து இறங்கிய என் இடது தோளில்
வெல்வெட் ஒரு சுருக்கமும் இல்லாமல் உட்கார்ந்தது.
இடுப்பில் கொக்கிகள் நான்கு விரல் எட்டவில்லை.

படியில் காவலாளியின் செருப்புச் சத்தம்.
மடித்து வைத்தேன்.
குறை: கொடி இல்லை என்று எழுதி, அடித்தேன்.
குறை: இடது தோள் என்று எழுதி, அதையும் அடித்தேன்.
கரண்ட் வந்தது.
அடித்தல் உள்ள படிவத்தை ஏற்கமாட்டார்கள்,
புதிது ஒன்று வாங்கி வர வேண்டும்.