கடைசித் துளி

கட்டுநாயக்காவில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.
சுகிர்தா மகளின் கல்யாணத்துக்கு நான் கட்டின
மாம்பழப் பட்டு முழுக்கப் பலெர்மோ வாசம்.
போத்தல் மூடி இளகியிருந்தது.
"அரைவாசி, சுங்கம் பார்க்க முந்தியே
நாடு புகுந்திட்டுது" என்றார் குகநேசன்.
அதிகாரியும் சிரித்தார். நானும்.
சேலைக்காக அழுதது வீட்டுக்கு வந்த பிறகு.

பிரிட்ஜ் கதவில்
டொக்டர் ஜிப்ரியின் கடதாசி நாங்கள் விட்டுப்போன மாதிரியே:
தேங்காய்ப்பால் குறைக்க.
பொரியல் தவிர்க்க.
நடக்க.
கடைசி வரி மட்டும் இவர் கண்ணுக்கு
இன்றுவரை தெரிந்ததில்லை.

அங்கே மூன்று கிழமை
மருந்தென்று நினையாமலே சாப்பிட்டோம்.
கத்தரிக்காயோடு வினாகிரி, சீனி,
பச்சை ஒலிவ் காய் போட்டு
மச்சாள் கிண்டிய சட்டியை எட்டிப் பார்த்து
"இது எங்கட மோஜுவெல்லோ" என்றேன்.
"மெல்லக் கதை. மேல்வீட்டு ரோசாலியா
சண்டைக்கு வருவா."
குசினியை அவர்கள் குச்சினா என்றார்கள்,
பாணைப் பானே.
வழி கேட்கத் தெரியாத ஊரில்
பசிக்கத் தெரிந்திருந்தது எனக்கு.

ஒரு மணிக்கு இருந்தால்
எழும்ப மூன்றரை.
கொழும்பில் கழுவுதொட்டியடியில் நின்றபடி
ஒரு கையில் போன், மறுகையில் சோறு
என்று சாப்பிடுகிற மனுசன்
அங்கே ஒரு சூடை மீனுக்கு
அரை மணித்தியாலம் எடுத்தார்.
ஒவ்வொரு முள்ளையும் கோப்பை ஓரத்தில் வைத்து
ஒவ்வொரு கதை சொன்னார்.
துறைமுகத்தில் கணக்கெழுதிய முதல் வருசம்,
தொலைந்த குடை,
என்னைப் பெண் பார்க்க வந்த அன்று
பஸ் மாறி ஏறித் தெகிவளையில் இறங்கியது.
இருபத்தாறு வருசமாய் எனக்கு
இவை ஒன்றும் தெரியாது.

வெள்ளவத்தை சுப்பர்மார்க்கெட்டில்
ஒலிவ் எண்ணெயைக் கண்ணாடி அலுமாரிக்குள்
பூட்டி வைத்திருக்கிறார்கள்.
விலையைப் பார்த்தேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன்.
அதே விலை.

ஆக, கசிந்து மிஞ்சிய அரைப் போத்தல்.
ஞாயிறுக்கு மூன்று கரண்டி.
நிஹால் சைக்கிளில் "சாலயா, சாலயா" என்று
ஒழுங்கை முழுக்கக் கத்திக்கொண்டு வருவான்.
அங்கே சார்தே, எனக்குச் சூடை, அவனுக்குச் சாலயா.
எந்தப் பேருக்கும் திரும்பாத
அதே வெள்ளி வயிறு.

முதல் ஞாயிறு படுதோல்வி.
மீனைக் கருக்கினேன்.
அவித்த கடலைக்குத் தேசிக்காய் கூடிவிட்டது.
பார்ஸ்லிக்குப் பதிலாய் அரிந்த வல்லாரையைப் பார்த்து
"ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்றான் கோபிராஜ்.
எழும்பிப் போய்க் கட்டைச்சம்பல் எடுத்து வந்தான்.
தகப்பன் ஒன்றும் சொல்லவில்லை,
தன் கோப்பையையும் நீட்டினார்.
ரோஸ்ட் பாண், தக்காளி, எண்ணெய்,
அதன்மேல் கொஞ்சம் கட்டைச்சம்பல்.
ரோசாலியா கண்டால் மயங்கி விழுவாள்.
விழுந்து எழும்பி
இன்னொரு துண்டு கேட்பாள்.

மேசையைப் பல்கனிக்கு இழுத்துவிட்டோம்.
காலொன்று கதவு நிலையில் இடித்துக் கழன்றது,
பழைய டெலிபோன் புத்தகங்கள் முட்டுக்கொடுக்கின்றன.
தண்டவாளத்துக்கு அப்பால் கடல்.
ரயில் போகும்போதெல்லாம்
கிளாசுகள் ஒன்றையொன்று தொடும்,
நாங்கள் பேச்சை நிறுத்திப்
போகவிட்டுத் தொடருவோம்.

இன்று போத்தலின் அடியில் ஒரு விரற்கடை.
"திங்கட்கிழமை இதுக்குள்ள நல்லெண்ணெய் விடுவம்" என்றேன்.
தலையாட்டினார்.
தக்காளிக்கு மேலே போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தார்.
வந்தது, மெலிந்தது,
நூலாகி நின்றது.
கழுத்து விளிம்பில் ஒரு துளி
விழுவமா வேண்டாமா என்று தொங்குகிறது.
"குலுக்குங்கோ."
"விடு. வரேக்க வரட்டும்."
மற்றக் கையால் மீனைப் பிளந்தார்.
முதல் முள் கோப்பை ஓரத்துக்கு வந்துவிட்டது.

"அந்தத் தெகிவளை பஸ்ஸில
எனக்குப் பக்கத்தில ஆர் இருந்தது தெரியுமே?"

மருதானை ரயில் வருகிறது.
பொறுத்திருக்கிறேன்.